வழியிற் கிடந்த இறைச்சியும் குழந்தையின் உணவும்

பெங்களூர் நகரின் தென் எல்லையை ஒட்டியே பன்னேர்கட்டாக் காடு தொடங்குகிறது. மைசூரைக் கடந்து மேலும் தெற்கே சென்றால், பந்திப்பூர்க் காட்டை ஊடுருவி நெடுஞ்சாலை கேரளத்தை நோக்கிச் செல்கிறது. காட்டு வழிச் சாலைகளில் இரவு நேரத்தில் வண்டிகள் மோதி மானும் முயலும் காட்டுப்பன்றியும் மடிவதுண்டு. பந்திப்பூரில் இவ்விழப்பு மிகுந்ததனாலேயே, 2009-ஆம் ஆண்டு முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை அச்சாலையில் போக்குவரத்துத் தடை செய்யப்பட்டது.

சாலையோரத்தில் கிடக்கும் உடல் வனத்துறைக்கு ஓர் இழப்பு. மாதம் ஒருமுறையேனும் இறைச்சி வாங்க இயலாத குடும்பத்திற்கோ, அது விலையின்றிக் கிடைத்த உணவாகத் தோன்றும். நல்லதை முதலில் குழந்தைக்கு ஊட்டுவது தாய்மாரின் இயல்பாதலின், அவ்விறைச்சி முதலில் குழந்தையின் தட்டையே சென்றடையும். "நன்றாக வேகவைத்துவிட்டால் தீங்கில்லை" என்பது மக்களிடையே வழங்கும் நம்பிக்கை. இந்நம்பிக்கை பாதியளவே உண்மையானது. எஞ்சிய பாதியைக் களப் பணியாளரும் ஆசிரியரும் தெளிவாக அறிந்திருத்தல் இன்றியமையாதது.

தீ அழிப்பதும் அழிக்காததும்

நன்கு வேகவைத்தல் பெரும்பாலான நோய்க்கிருமிகளையும், தசையினுள் தங்கும் புழுக்களையும் அழிக்கிறது. காட்டுப்பன்றியின் தசையில் டிரைக்கினெல்லா என்னும் நுண்புழுவின் இளம் பருவங்கள் இருக்கக்கூடும். அரைவேக்காட்டில் உண்போரின் உடலில் அவை பரவித் தசைவலியும் காய்ச்சலும் முகவீக்கமும் உண்டாக்குகின்றன. இதற்குத் தீயே போதிய மருந்து.

தீயினால் தீராதவையும் உள்ளன. முதலாவது, அடைப்பான் எனப்படும் ஆந்த்ராக்ஸ் நோயின் கிருமி. இது வெளிக்காற்றுப் பட்டதும் கடினமான உறையையுடைய வித்துக்களாக மாறுகிறது. சாதாரணச் சமையலின் வெப்பம் இவ்வித்துக்களை உறுதியாக அழிக்கும் எனக் கொள்ளுதற்கில்லை. இரண்டாவது, சில கிருமிகள் இறைச்சியில் ஏற்கெனவே சுரந்து வைத்த நஞ்சு. கிருமி மடிந்தாலும் ஸ்டாபிலோகாக்கஸ் போன்றவற்றின் நஞ்சு கொதிநீரிலும் நிலைத்திருக்கும். மூன்றாவது, பூச்சிமருந்து, எலிமருந்து, ஈயம் ஆகியவை. இவற்றுள் ஈயம் ஒரு தனிமமாதலின் எத்துணை வெப்பத்தாலும் அழியாது.

இறைச்சிக்கூடத்தில் ஒரு விலங்கு வெட்டப்படுமுன் கால்நடை மருத்துவர் அதனைப் பார்வையிடுகிறார். வெட்டியவுடன் குருதி வடிக்கப்படுகிறது. குடல் உடனே அகற்றப்படுகிறது. சாலையில் மடிந்த விலங்கிற்கு இவற்றுள் ஒன்றும் நிகழ்வதில்லை. மோதலில் குடல் கிழிந்து அதிலுள்ள கிருமிகள் தசையிற் கலக்கின்றன. நம் நாட்டு வெப்பத்தில் அவை மணிக்கு மணி பெருகுகின்றன. அன்றியும், நோயுற்றுத் தள்ளாடிய விலங்கே வண்டியின் முன் எளிதில் அகப்படும். ஆதலின், "வண்டி மோதி இறந்தது" என்பது அது நலமுடன் இருந்ததற்குச் சான்றாகாது.

பெங்களூர் ஆய்வுநிலையங்கள்

பெங்களூரின் ஹெப்பாள் பகுதியிலுள்ள கால்நடை நல மற்றும் உயிரியற்பொருள் நிலையம், கால்நடைகளுக்கான அடைப்பான் தடுப்பூசி மருந்தை உற்பத்தி செய்துவருகிறது. நகரின் வடபுறத்தே எலகங்காவில், இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ், தேசியக் கால்நடை நோய்ப் பரவலியல் நிலையம் இயங்குகிறது. எந்த மாவட்டத்தில் எக்கால்நடை நோய் தோன்றக்கூடும் என்பதை இந்நிலையம் இரண்டு மாதங்களுக்கு முன்னதாகவே கணித்து அறிவிக்கிறது. அவ்வாறு கண்காணிக்கப்படும் நோய்களுள் அடைப்பானும் ஒன்று.

அடைப்பான் வித்துக்கள் மண்ணிற் பல்லாண்டுகள் உயிருடன் கிடக்கவல்லவை. மேயும் ஆடுமாடுகளும் காட்டு விலங்குகளும் அவற்றை உட்கொண்டு திடீரென மடிகின்றன. இறந்த உடலை அறுக்குங்கால் கிருமி காற்றுப் பட்டு மீண்டும் வித்தாகிறது. அறுத்தவர் கையில் கருநிற நடுப்பகுதியுடைய புண் தோன்றும். உண்டவர்க்கு வாந்தியும் குருதி கலந்த வயிற்றுப்போக்கும் ஏற்பட்டு உயிருக்கே ஊறு நேரலாம். ஒடிசாவின் கோராபுட் பகுதியில், இறந்த கால்நடையை அறுத்துப் பங்கிட்ட சிற்றூர்களில் இந்நோய் பன்முறை தோன்றியுள்ளது. தென்னிந்தியாவிலும் மனிதர்க்கு நேர்ந்த அடைப்பான் நோயை வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர்.

மலைநாடு கற்பித்த இரு பாடங்கள்

1957-ஆம் ஆண்டில் ஷிமோகா (இன்று சிவமொக்கா) மாவட்டத்தின் சொரபா வட்டத்தில், கியாசனூர்க் காட்டில் குரங்குகள் தொடர்ந்து மடிந்து விழுந்தன. அருகிலிருந்த சிற்றூர் மக்களும் கடுங்காய்ச்சலுற்றனர். புனே வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தார் ஆராய்ந்து, உண்ணிகளின் வாயிலாகப் பரவும் புதியதொரு வைரஸே காரணமெனக் கண்டனர். அதுவே கியாசனூர்க் காட்டு நோய். மக்கள் வழக்கிற் குரங்குக் காய்ச்சல். குரங்கு மடிந்ததும் அதன் உடலிலுள்ள உண்ணிகள் இறங்கி வேறு உயிரை நாடுகின்றன. ஆகவே, இறந்த விலங்கினால் வரும் தீங்கு அடுப்பங்கரையில் தொடங்குவதன்று. அதனைத் தூக்கும் கையிலேயே தொடங்கிவிடுகிறது. விறகு பொறுக்கச் செல்லும் சிறுவர்க்கு இதனை முதலில் உணர்த்தவேண்டும்.

இரண்டாம் பாடம் சற்று வேறுபட்டது. அதே மாவட்டத்தில், சாகர் நகருக்கு அருகேயுள்ள ஹந்திகோடு என்னும் சிற்றூரில், 1970-களில் ஏழைத் தொழிலாளர் குடும்பங்களிடையே இடுப்பு மூட்டும் முழங்காலும் கெட்டு நடக்கவியலாத நிலை காணப்பட்டது. பூச்சிமருந்து தெளித்த நெல்வயல்களிற் பிடித்த நண்டையும் மீனையும் உண்டதே காரணமென முதலில் ஐயுற்றனர். பின்னர் குடும்பம் குடும்பமாக ஆராய்ந்தபோது, அது மரபுவழி வரும் எலும்பு நோய் என்பது புலனாயிற்று. ஏழைகளின் உணவின் மீது, ஆராயாது பழி சுமத்தலாகாது என்பதை இது காட்டுகிறது. எனினும், மருந்து தெளித்த வயலில் செத்து மிதக்கும் நண்டு உணவாகிவிடாது.

ஈயமும் குழந்தையும்

நாட்டுத் துப்பாக்கியால் சுடப்பட்ட விலங்கின் தசையில் ஈயத் துணுக்குகள் கண்ணுக்குத் தெரியாத அளவிற் சிதறிக் கிடக்கும். உட்செல்லும் ஈயத்தைக் குழந்தையின் உடல் பெரியோரின் உடலைவிட நான்கைந்து மடங்கு மிகுதியாக ஏற்கிறது. அது வளரும் மூளையைத் தாக்கி, கற்கும் ஆற்றலையும் கவனத்தையும் குறைக்கிறது. குழந்தைகளின் குருதியில் இவ்வளவு ஈயம் இருந்தால் தீங்கில்லை என்று கூறத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கருத்து. பெங்களூரின் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஈய நச்சுக்கான தேசிய ஆலோசனை மையம் அமைக்கப்பட்டது, நம் குழந்தைகளிடையே இத்தீங்கு எவ்வளவு பரவியுள்ளது என்பதை உணர்த்தும்.

பிடித்ததும் கண்டெடுத்ததும்

காட்டுணவு யாவும் தீயதெனக் கொள்ளுதல் தவறாகும். தமிழகத்தின் இருளர் நெல்வயல் வளைகளிலிருந்து எலிகளை உயிருடன் பிடித்துச் சுட்டு உண்பர். பிடிபடும் விலங்கு வலுவுடன் ஓடியதா, சோர்ந்து கிடந்ததா என்பது அவர்தம் கண்ணெதிரே தெரிகிறது. கண்டெடுத்த உடலைப் பற்றியோ இவ்வாறு அறிய வழியில்லை. எனவே இறைச்சியைப் பற்றிக் கேட்கவேண்டிய முதல் வினா, "இஃது எவ்விலங்கு?" என்பதன்று, "இஃது எவ்வாறு இறந்தது?" என்பதேயாகும். இவ்வினாவிற்கு உறுதியான விடையில்லாத இறைச்சியைக் குழந்தைக்கு இடலாகாது.

சட்டமும் இங்குக் குறுக்கிடுகிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 39-ஆம் பிரிவின்படி, இறந்து கிடக்கும் காட்டு விலங்கு அரசின் உடைமை. அது கையில் வந்தால் 48 மணி நேரத்திற்குள் காவல் நிலையத்திலோ உரிய அலுவலரிடமோ தெரிவித்தல் வேண்டும். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம் 2019 முதல் வண்டி மோதி இறந்த மானை உண்ண அனுமதிக்கிறது. ஆயினும் அங்கும் அனுமதிச் சீட்டுப் பெற்று, நோய்ச் சோதனைக்காகத் தலையை அரசிடம் ஒப்படைக்கவேண்டும்.

விலக்கியதற்கு ஈடு

உண்ணாதே என்று கூறுவது எளிது. அதற்கு ஈடாக எதனை உண்பது என்பதையும் கூறாவிடில் அவ்வறிவுரை பயன்படாது. 4 முதல் 6 வயது வரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 கிராமும், 7 முதல் 9 வயதினர்க்கு 23 கிராமும் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் உள்ளது. ஒரு கைப்பிடி நிலக்கடலையிலும் ஏறக்குறைய அவ்வளவே உள்ளது. பெங்களூர்ச் சுற்றுப்புறத்தில் எளிதிற் கிடைக்கும் கொள்ளும் அவரையும் ராகிக் களியுடன் சேருங்கால், புரதமும் சுண்ணாம்புச் சத்தும் ஒருங்கே கிடைக்கின்றன.

கர்நாடகத்தில் பள்ளி மதிய உணவுடன் வாரத்தில் ஆறு நாளும் முட்டை வழங்கும் திட்டம் 2024-இல் தொடங்கப்பட்டது. முட்டை உண்ணாதோர்க்கு வாழைப்பழம் அளிக்க ஏற்பாடுண்டு. ஆயினும் கோடை விடுமுறையில் பள்ளி அடுப்பு அணைந்துவிடுகிறது. பள்ளிக்கு வரும் வயதை எட்டாத தம்பி தங்கையர்க்கு அம்முட்டை கிட்டுவதில்லை. வழியிற் கிடந்ததை வீட்டிற்குக் கொணரும் சூழ்நிலை இத்தகைய நாட்களிலேயே மிகுதியாகும். ஆகவே விடுமுறைக்கு முன்னரே ஏழைக் குடும்பங்களைக் கண்டறிந்து, அவர்தம் இளங்குழந்தைகள் அங்கன்வாடியிற் பதிவு பெற்றுள்ளனரா என்பதைப் பார்த்தல் ஆசிரியரும் களப் பணியாளரும் ஒருங்கே செய்யத்தக்க பணியாகும்.

இறந்த விலங்கைக் கண்டால் தொடவும் அறுக்கவும் வேண்டாமென்று மாணவர்க்குக் கற்பிக்கவேண்டும். கால்நடையாயின் 1962 என்ற எண்ணிலும், காட்டு விலங்காயின் வனத்துறையினரிடமும் அறிவிக்கலாம். உண்டபின் குழந்தைக்குக் காய்ச்சலோ வாந்தியோ கண்டால், எவ்விலங்கு, எங்குக் கிடந்தது, எந்நாளில் உண்டது என்பவற்றை மருத்துவரிடம் மறையாது கூறவேண்டும். அஞ்சியோ வெட்கியோ இதனை மறைத்தால் சிகிச்சை தாமதமாகும். தண்டனை வருமோ, ஏளனம் வருமோ என்ற அச்சமின்றி ஒரு தாய் உண்மையைக் கூறத்தக்க நம்பிக்கையை வளர்த்தலே, களத்தில் நிற்போர் முதலிற் செய்யவேண்டிய வேலையாகும்.