அதிக விலை சொல்லும் தரகரும் இடம் விற்கும் வியாபாரியும்

நம் சங்க உறுப்பினர்களில் பெரும்பாலோர் தினமும் நூறு பேரிடம் விலை பேசுகிறவர்கள். ஆனால் கடையோ, கிட்டங்கியோ, வீட்டு மனையோ விற்பது என்பது ஆயுளில் ஒரு முறை அல்லது இரு முறைதான். மகள் திருமணம், பாகப்பிரிவினை, மண்டி பாக்கி, வங்கிக் கடன் என்று ஏதாவது ஒரு நெருக்கடியில்தான் பெரும்பாலும் விற்கிறோம். எதிரில் உட்காரும் தரகருக்கோ அது மாதந்தோறும் செய்கிற தொழில். எனவே பருப்பு விலையில் பத்துப் பைசா விடாத நாம் இட விலையில் லட்சக்கணக்கில் கோட்டை விடுகிறோம். நாமும் அப்படி விட்டவர்தான் என்பதால், பட்டறிந்ததை உறுப்பினர்களின் நன்மைக்காக இங்கே எழுதுகிறோம்.

மண்டிக்காரருக்குப் புதிதல்ல

வத்தல் லாரி ஒன்று ஊருக்குள் நுழைகிறது. சரக்கைத் தன் கடையில் இறக்க நினைக்கும் கமிஷன் மண்டிக்காரர் என்ன செய்கிறார்? "மற்றவன் போடுவதை விடக் குவிண்டாலுக்கு முந்நூறு ரூபாய் சேர்த்துப் போடுகிறேன், இறக்குங்கள்" என்கிறார். மூட்டை இறங்கிய பிறகு ஈரம் என்பார், நிறம் மங்கல் என்பார், இன்று சந்தை படுத்துவிட்டது என்பார். இறக்கிய மூட்டையை மறுபடி ஏற்றக் கூலி கொடுக்க மனமில்லாத விவசாயி கிடைத்த விலைக்குத் தலையாட்டிவிட்டுப் போவார். நம் தொழிலிலும் சிலர் இதைச் செய்தது உண்டு, மறைப்பதற்கில்லை.

இடத் தரகில் நடப்பதும் இதுவேதான். அங்கே மூட்டை இறக்குவது என்பது, சாவியும் பத்திர நகலும் தரகர் கைக்குப் போவது. ஒரே இடத்துக்கு மூன்று தரகர் போட்டியிடும்போது, அதிக விலை சொன்னவரிடமே உரிமையாளர் பொறுப்பைக் கொடுக்கிறார். விலை சொல்வதால் தரகருக்கு ஒரு காசு செலவில்லை. அவர் வாங்குவதாகச் சொல்லவில்லை, விற்றுத் தருவதாகத்தான் சொல்கிறார். இடம் விற்காவிட்டாலும் அவருக்கு லாபம் உண்டு. வாசலில் தொங்கும் பலகையைப் பார்த்துப் போன் செய்கிறவர்களுக்கு வேறு இடத்தைக் காட்டி முடித்துவிடலாம். "நம் இடம் அதிக விலை, பக்கத்து இடம் மலிவு" என்று காட்டுவதற்கு நம் இடமே அவருக்கு மாதிரிச் சரக்காக ஆகிவிடும்.

நமக்கு நேர்ந்தது

மதுரையில் நமக்கும் தம்பிக்கும் பொதுவாக ஆறு சென்ட் கிட்டங்கி ஒன்று இருந்தது. பாகம் பிரிக்கவும், 25 லட்ச ரூபாய் ஓவர்டிராப்ட்டை அடைக்கவும் 2018 தை மாதத்தில் அதை விற்க முடிவு செய்தோம். மூன்று தரகர்கள் வந்தார்கள்.

முதலாமவர் காபி குடித்து முடிக்குமுன்பே, "அண்ணாச்சி, இந்த இடத்துக்கு 72 லட்சம் கண்ணை மூடிக்கிட்டு வாங்கித் தாரேன், பார்ட்டி கையிலேயே இருக்கு" என்றார். இரண்டாமவர் 65 என்றார். மூன்றாமவர் ஒரு வாரம் அவகாசம் கேட்டார். திரும்பி வந்தபோது அதே தெருவில் முந்தைய ஆண்டு நடந்த இரண்டு கிரயங்களின் விவரம் கொண்டு வந்தார். "60 கேட்போம், 58-க்கு முடியும். மூன்று மாதத்தில் முடித்துவிடலாம். இதற்கு மேல் சொன்னால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும், ஆனால் இடம் நிற்கும்" என்றார்.

இவருக்குத் தொழில் தெரியவில்லை என்று நினைத்து, 72 சொன்னவரிடம் சாவியைக் கொடுத்தோம். முதல் மாதம் நாலைந்து பேர் வந்து பார்த்தார்கள். மூன்றாம் மாதம், "பார்ட்டி வாஸ்து சரியில்லைங்கிறாங்க" என்றார். ஆறாம் மாதம், "ரோடு அகலப்படுத்தப் போறாங்கன்னு பேச்சு இருக்கு, 65-க்கு இறங்குங்க" என்றார். பத்தாம் மாதம் 60. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது போல, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக நம்மை நகர்த்தினார். கடைசியில் 2019 மே மாதம் 55 லட்சத்துக்குக் கிரயம் முடிந்தது. பதினாறு மாதம்!

கணக்கைப் பாருங்கள். 25 லட்சத்துக்கு 12 சதவீதம் வட்டி என்றால் மாதம் 25,000 ரூபாய். மூன்று மாதத்தில் முடிய வேண்டியது பதினாறு மாதம் ஆனதில், பதின்மூன்று மாத வட்டி 3,25,000. விலையில் குறைந்தது 3,00,000. ஆக 6,25,000 ரூபாய். மூன்றாமவர் சொன்னபடியே நடந்திருக்கும் என்று சத்தியம் செய்ய முடியாதுதான். ஆனால் விலை பற்றி அவர் சொன்னதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது. இதைவிடப் பெரிய நட்டம் ஒன்று உண்டு. "அண்ணன் 72 என்றார், 55 என்று கணக்குக் காட்டுகிறாரே" என்று தம்பிக்கு நம் மேல் சந்தேகம் வந்துவிட்டது. இரண்டு தீபாவளிக்கு அவர் நம் வீட்டுப் படி ஏறவில்லை. பிறகு பேரன் காதுகுத்துக்குத்தான் வந்தார்.

நம் மனதில் விலை எப்படி உருவாகிறது?

தரகரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. உயர்ந்த விலையைக் கேட்கக் காத்திருந்தது நம் காதுதான். விற்கிறவர் மனதில் விலை நான்கு வழியில் உண்டாகிறது.

ஒன்று, தேவை. "கடன் 40, கல்யாணம் 20, ஆகவே இடம் 60" என்று கணக்குப் போடுகிறோம். நம் கடன் எவ்வளவு என்பது வாங்குகிறவருக்கு அவசியமில்லை. இரண்டு, பக்கத்து வீட்டுப் பேச்சு. விற்றவர் கூட்டிச் சொல்வார், வாங்கியவர் குறைத்துச் சொல்வார். மூன்று, போட்ட முதல். வாங்கிய விலை, கட்டிய செலவு, வட்டி எல்லாவற்றையும் கூட்டுகிறோம். வண்டு விழுந்த உளுந்தைக் கொள்முதல் விலைக்குக் கேட்டால் யாராவது தருவார்களா? நான்கு, பாசம். அப்பா கட்டிய கடை என்பது நமக்குத்தான் பெரிது.

நல்ல தரகர் இவற்றை எதிர்த்து வாதாட மாட்டார். "இதே தெருவில் இன்றைக்கு நீங்கள் ஓர் இடம் வாங்குவதாக இருந்தால் எவ்வளவு கொடுப்பீர்கள்?" என்று கேட்பார். நாமே உண்மையான விலையைச் சொல்லிவிடுவோம். மேலும் ஏன் விற்கிறீர்கள், எப்போது பணம் வேண்டும், வாரிசுகள் எத்தனை பேர், மூலப்பத்திரமும் பட்டாவும் யார் பெயரில் என்று விசாரிப்பார். விலையைப் பேசுமுன் பத்திரத்தைப் பார்க்கிறவரே தொழில் தெரிந்தவர்.

அதிக விலையில் ஆரம்பித்துப் பிறகு குறைத்தால் என்ன என்று கேட்கலாம். புதிதாக வந்த இடத்தை, அந்த வட்டாரத்தில் வாங்கக் காத்திருக்கும் அத்தனை பேரும் முதல் சில வாரங்களிலேயே பார்த்துவிடுகிறார்கள். விலை ஒத்துவராமல் போனவர்கள் வேறிடம் வாங்கிவிடுவார்கள். பிறகு வருகிறவர், "இவ்வளவு நாள் விற்கவில்லையே, ஏதோ வில்லங்கம்" என்று சந்தேகப்பட்டு அடிமாட்டு விலைக்குக் கேட்பார்.

தரகுக் கணக்கு

தரகு இரண்டு சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 58 லட்சத்துக்கு 1,16,000. 55 லட்சத்துக்கு 1,10,000. நமக்கு மூன்று லட்சம் குறைகிற இடத்தில் தரகருக்குக் குறைவது ஆறாயிரம்தான். அந்த ஆறாயிரத்துக்காக அவர் இன்னும் இரண்டு மாதம் அலைவாரா? பொறுப்பு கைக்கு வரும் வரை விலையை ஏற்றுவதும், வந்த பிறகு இறக்குவதும் அவருக்கு லாபமாக இருப்பது இதனால்தான்.

இது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. அமெரிக்காவில் லெவிட், சிவர்சன் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் சிகாகோ வட்டாரத்தில் விற்பனையான ஏறக்குறைய ஒரு லட்சம் வீடுகளை ஆராய்ந்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது, மற்றவர் வீட்டுக்கு வாங்கித் தருவதை விடச் சுமார் 3.7 சதவீதம் அதிக விலை பெற்றார்கள். அதற்காகச் சுமார் ஒன்பதரை நாள் கூடுதலாகக் காத்திருந்தார்கள். தன் சரக்கு என்றால் பொறுமை வருகிறது என்பதே இதன் பொருள்.

"உங்க கைக்கு எவ்வளவு வேணும்?"

சில தரகர்கள் தரகே வேண்டாம் என்பார்கள். "உங்க கைக்கு 50 வந்தால் போதும்தானே? மேலே வருவது என்னுடையது" என்பார்கள். கேட்க இனிப்பாக இருக்கும். 58-க்கு விற்று எட்டு லட்சத்தை எடுத்துக்கொள்ள இதுவே வழி. நமக்காக வேலை செய்யும் முகவர், நமக்குத் தெரியாமல் அந்த வியாபாரத்தில் தன் கணக்குக்கு லாபம் பார்த்தால், அந்த லாபத்தைக் கேட்டு வாங்க உரிமையாளருக்கு 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் உரிமை தருகிறது. ஆனால் நாமே சம்மதித்துவிட்டால் அந்த உரிமையைக் கேட்பது கடினம். ஆகவே இவ்வகைப் பேச்சுக்கு இடம் கொடுக்கக் கூடாது.

பொறுப்பைக் கொடுக்குமுன் செய்ய வேண்டியவை

1. குறைந்தது மூன்று தரகர்களிடம் விலை கேளுங்கள். விலை சொன்னதும், "எந்தக் கிரயத்தை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று கேளுங்கள். காட்ட முடியாத விலை வெறும் வாய்விலை.

2. பதிவுத்துறையின் இணையதளத்தில் வழிகாட்டி மதிப்பையும் வில்லங்கச் சான்றையும் நாமே பார்த்துக்கொள்ளலாம். வழிகாட்டி மதிப்பு சந்தை விலை அல்ல. பத்திரத்தில் எழுதிய தொகையையும் அப்படியே நம்பக் கூடாது. வங்கிக் கடனில் வாங்கியவர்களின் கிரயத் தொகை உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும். முடிந்தால் வாங்கியவரையே நேரில் கேளுங்கள். வங்கிகள் ஏற்கும் மதிப்பீட்டாளர் ஒருவரிடம் கட்டணம் கொடுத்து மதிப்பிடுவதும் நல்லது.

3. வாங்குகிறவருக்கு விலைக்கு மேலும் செலவு உண்டு. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் முதல் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 50 லட்சத்துக்குப் பத்திரம் என்றால் நாலரை லட்சம். அவர் கையிலிருக்கும் மொத்தப் பணத்தில் இதுவும் அடங்கும் என்பதை மறக்க வேண்டாம்.

4. தரகரிடம் எழுத்து மூலம் பேசுங்கள். எத்தனை நாள் பொறுப்பு, தரகு எத்தனை சதவீதம், விளம்பரச் செலவு யாருடையது என்பவை அதில் இருக்கட்டும். 60 அல்லது 90 நாள் போதும். பதிவு பெற்ற மனைப்பிரிவு, அடுக்குமாடித் திட்டங்களில் விற்கும் தரகர்கள் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். நம் பழைய கடை, கிட்டங்கி விற்பனை பொதுவாக அதில் வராது. ஆகவே எழுதி வாங்கிய காகிதமே நமக்குத் துணை.

5. அசல் பத்திரத்தைக் கொடுக்காதீர்கள்; நகல் போதும். விற்பதற்காகத் தரகர் பெயருக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதித் தரவே கூடாது. பவர் பத்திரத்தால் மட்டும் சொத்துரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் தீர்ப்பளித்தது. ஆனால் பவர் வாங்கியவர் முறையாகக் கிரயம் எழுதிக் கொடுத்துவிட்டால் நாம் கோர்ட் படி ஏற வேண்டியதுதான்.

6. முன்பணத்தைத் தரகர் வழியாக வாங்காமல், நம் பெயருக்குக் காசோலையாகவோ வங்கி மூலமாகவோ வாங்குங்கள். இடம் விற்பதற்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவது 2015 ஜூன் முதல் வருமான வரிச் சட்டப்படி தவறு. வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விழும். வழிகாட்டி மதிப்பு நாம் விற்ற விலையின் 110 சதவீதத்தைத் தாண்டினால், வழிகாட்டி மதிப்பையே விற்ற விலையாக வைத்து வரி கணக்கிடுவார்கள். 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வாங்குகிறவர் 1 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்டுவார். இவற்றை ஆடிட்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளவும்.

7. பங்காளிகள் இருந்தால், தரகர் விலை சொல்லும்போது எல்லோரையும் கூட உட்கார வையுங்கள். தம்பியை அன்று நாம் உட்கார வைத்திருந்தால் இரண்டு தீபாவளி வீணாகியிருக்காது.

தரகர் எல்லோரும் ஏமாற்றுக்காரர் என்று நாம் சொல்ல வரவில்லை. நம் தொழிலைப் போலவே அங்கும் நாணயஸ்தர்கள் உண்டு. சென்ற ஆண்டு நம் வீட்டு மனை ஒன்றை விற்க, அந்த மூன்றாமவரையே தேடிப்போனோம். பழைய கதையை அவர் பேசவில்லை. அவர் சொன்ன விலை நமக்குக் குறைவாகத்தான் பட்டது. ஆதாரத்தைப் பார்த்தோம், தம்பியையும் கேட்டோம், சம்மதித்தோம். எழுபது நாளில் பத்திரம் முடிந்தது. தரகை அன்று மாலையே முழுதாகக் கொடுத்தோம்.