அறிவியலும் அறமும் – 9: சாடை சாட்சியாகாது

“மூக்கும் முழியும் அப்படியே என் மகள்தான்” என்று ஒரு பாட்டி சொன்னால் ஊர் நம்பும். நீதிமன்றம் நம்பாது. அர்ஜென்டினாவில் பேரப்பிள்ளைகளைத் தேடிய பாட்டிமாருக்கு முன்னால் நின்ற சிக்கல் இதுதான்.

1976 மார்ச் 24 அன்று அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1983 டிசம்பர் வரை நீடித்த அந்த ஆட்சியில் காணாமலாக்கப்பட்டவர்கள் 30,000 பேர் என்கின்றன மனித உரிமை அமைப்புகள். அவர்களில் கர்ப்பிணிகளும் உண்டு. கடற்படையின் இயந்திரவியல் பள்ளி போன்ற ரகசிய முகாம்களில் அவர்களைப் பிரசவம் வரை உயிரோடு வைத்திருந்தார்கள். பிள்ளை பிறந்ததும் தாயைத் தீர்த்துக்கட்டினார்கள். குழந்தைகளை ராணுவ, போலீஸ் குடும்பங்களும் அவர்களுக்கு வேண்டப்பட்டவர்களும் தாங்கள் பெற்றதாகவே பதிவு செய்துகொண்டார்கள். இப்படிப் பறிபோன பிள்ளைகள் சுமார் 500 பேர் என்பது ‘மே சதுக்கத்துப் பாட்டிமார்’ அமைப்பின் கணக்கு. 1977இல் தொடங்கிய அமைப்பு அது.

பிள்ளை யாரிடம் இருக்கிறது என்று துப்பறிய அவர்களால் முடிந்தது. அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள், பள்ளிக்கூட வாசல்களில் காத்து நின்றார்கள். ஆனால் தன் பேரன்தான் என்று எப்படி நிரூபிப்பது? தகப்பன் யார் என்பதை ரத்தப் பரிசோதனை காட்டும் என்று கேள்விப்பட்டிருந்தார்கள். இங்கோ தகப்பனும் இல்லை, தாயும் இல்லை. “எங்கள் ரத்தத்தை வைத்துப் பார்க்க முடியாதா?” என்று நாடு நாடாகப் போய் விஞ்ஞானிகளைக் கேட்டார்கள். 1982இல் அந்தக் கேள்வி நியூயார்க்கில் வாழ்ந்துவந்த மரபியல் மருத்துவர் விக்டர் பென்சஸாடேயிடம் வந்தது. அவரே நாடுகடந்து வாழ்ந்த அர்ஜென்டினாக்காரர். அவர் வழியாகவும் அமெரிக்க அறிவியல் வளர்ச்சிச் சங்கத்தின் வழியாகவும் அது கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்த மேரி கிளேர் கிங்கிடம் போய்ச் சேர்ந்தது. பின்னாளில் மார்பகப் புற்றுநோய்க்கான மரபணு இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துப் புகழ்பெற்றவர் அவர்.

விடை வெள்ளை அணுக்களில் இருந்தது. உறுப்பு மாற்று சிகிச்சைக்கு முன் மருத்துவர்கள் பொருத்தம் பார்க்கும் ‘எச்.எல்.ஏ.’ புரதங்கள் ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடுபவை. அவற்றை நிர்ணயிக்கும் மரபணுத் தொகுதி ஒவ்வொருவரிடமும் இரண்டு இருக்கும். ஒன்று தாய் தந்தது, இன்னொன்று தகப்பன் தந்தது. தாய்வழித் தாத்தா, பாட்டி இருவரிடமும் சேர்த்து நான்கு தொகுதிகள். தகப்பன் வழியிலும் நான்கு. பிள்ளையின் இரண்டில் ஒன்று முதல் நான்கிலும், மற்றது இரண்டாவது நான்கிலும் இருந்தாக வேண்டும். அந்நியக் குழந்தைக்கு இரண்டுமே பொருந்துவது மிக அரிது. அந்த வாய்ப்பை எண்ணாகச் சொல்லும் சூத்திரத்தை கிங்கும் சக விஞ்ஞானிகளும் வகுத்தார்கள். தாத்தாவோ பாட்டியோ இறந்துபோயிருந்தால் சித்தி, மாமா, அத்தையின் ரத்தத்திலிருந்து விடுபட்டதைக் கணிக்கலாம்.

1984இல் புவெனஸ் அயர்ஸின் துராந்த் மருத்துவமனையில் இந்த முறை சோதனைக்கு வந்தது. போலீஸ்காரர் ஒருவர் தன் மகள் என்று வளர்த்துவந்த எட்டு வயதுச் சிறுமி, உருகுவேயில் பெற்றோரோடு கடத்தப்பட்ட குழந்தை என்பது உறுதியானது. அந்த ஆண்டு டிசம்பரில் நீதிமன்றம் அவளைப் பாட்டியிடம் ஒப்படைத்தது.

பாட்டிமாருக்கு வயதாகிக்கொண்டிருந்தது. பேரன் தேடி வரும்போது பாட்டி உயிரோடு இல்லாவிட்டால்? 1987இல் தேசிய மரபணுத் தரவு வங்கியை அமைக்கச் சட்டம் வந்தது. குடும்பங்கள் ரத்தம் கொடுத்து வைத்தன. தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வையும் கிங் இந்தத் தேடலுக்குப் பயன்படுத்தியபோது, தாய்வழிப் பாட்டி ஒருவர் இருந்தாலே உறவைத் தொடர்ந்து பிடிக்க முடிந்தது. இதுவரை ஏறக்குறைய 140 பேர் அடையாளம் காணப்பட்டிருக்கிறார்கள். “நான் யார் பிள்ளை?” என்ற சந்தேகத்தோடு தாங்களாகவே வந்து ரத்தம் கொடுத்தவர்களும் அவர்களில் உண்டு.

வளர்ந்த பேரப்பிள்ளைகளில் சிலர் பரிசோதனைக்கே மறுத்தார்கள். வளர்த்தவர் சிறைக்குப் போவதைப் பார்க்க அவர்களுக்கு மனம் வரவில்லை. பல் துலக்கும் பிரஷ் போன்ற சொந்தப் பொருள்களிலிருந்து மாதிரி எடுக்க 2009இல் சட்டம் வழிசெய்தது. அவரவர் உடல் அவரவர் உரிமை என்பதும் நியாயம். பாட்டிக்கு உண்மை தெரிய வேண்டும் என்பதும் நியாயம். எது பெரிது என்று சொல்ல எந்தச் சூத்திரமும் இல்லை. அது நீதிமன்றத்தின் வேலை.

விஞ்ஞானிகள் செய்ய முடிந்தது வேறு. மனித உரிமைக்காக அறிக்கை விடுவதும் கையெழுத்திடுவதும் எந்தக் குடிமகனும் செய்யக்கூடியவை. கிங் செய்தது அவர் துறையில் இருப்பவரால் மட்டுமே ஆகக்கூடியது. பாதிக்கப்பட்டவர்கள் கேட்ட கேள்வியையே தன் ஆய்வுக் கேள்வியாக எடுத்துக்கொண்டார். குறுக்கு விசாரணைக்குத் தாங்கும் விடையைக் கொடுத்தார். அந்த வித்தையை அந்த நாட்டு ஆய்வுக்கூடமே கையாளும்படியும் ஆயிற்று. கொடுமை செய்தவர்கள் நம்பியிருந்தது சாட்சியே இல்லை என்பதைத்தான். அந்தத் துணிச்சலை உடைக்க இந்த மூன்றும் வேண்டியிருந்தன.

உயிரோடு இருக்கும் பிள்ளைகளுக்கு ரத்தம் சாட்சி சொன்னது. செத்தவர்களுக்கு? 1984 ஜூனில் கிங் அர்ஜென்டினாவுக்கு வந்த அதே குழுவில் கிளைடு ஸ்னோ என்ற எலும்பியல் நிபுணரும் வந்தார். அதற்கு முன் செத்தவர்களைத் தேடித் தோண்டியவர்கள் கல்லறைகளை மண்வாரி இயந்திரம் வைத்துக் கிளறி, எலும்புகளை உடைத்துக் கலந்து போட்டிருந்தார்கள். அதைப் பார்த்தவர் உள்ளூர் மாணவர்களைத் திரட்டினார். மறு ஆண்டு, ராணுவத் தளபதிகள் மீதான விசாரணையில் அவர் சாட்சிக் கூண்டேறினார். ஒரு பெண்ணின் எலும்புக்கூடு அங்கே என்ன சொன்னது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)