கடையை மூடுவதும் ஒரு வேலைதான்

திருவனந்தபுரத்தில் கிழக்கே கோட்டையைத் தாண்டினால் சாலைக் கடைத்தெரு. மலையாளத்தில் இதைச் ‘சால’ என்பார்கள். 200 ஆண்டுகளுக்கும் மேலான சந்தை இது. திருவிதாங்கூர் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் இதை உருவாக்கினார். அரிசி, மிளகு, மஞ்சள், பாத்திரம், பூ எல்லாம் இங்கே கிடைக்கும். தோவாளைப் பூவும் இங்கே வரும். குமரி, நெல்லைப் பக்கத்துத் தமிழர் பலர் தலைமுறை தலைமுறையாக இங்கே கடை நடத்துகிறார்கள்.

இந்தத் தெருவில் ஒரு மொத்தப் பலசரக்குக் கடை என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரருக்கு வயது 66. கடைக்கு வயது 38. தெருவில் எல்லோரும் அவரை ‘அண்ணாச்சி’ என்றுதான் கூப்பிடுவார்கள். மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று. மகன் வேறு வேலைக்குப் போய்விட்டார். அண்ணாச்சிக்கு மூட்டுவலி. காலையில் ஷட்டரைத் தூக்க இன்னொருவர் கை கொடுக்க வேண்டியிருக்கிறது.

“போதும். ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு வீட்டோடு இருந்துவிடலாம்” என்று அவர் நினைக்கிறார்.

அப்படிப் பூட்டிவிட்டுப் போகலாமா? தெருவில் பார்ப்பவர்களுக்குக் கடை மூடியிருக்கும். ஆனால் அலுவலகத் தாள்களில் அது திறந்தே இருக்கும். வரிக் கணக்கு கேட்பார்கள். உரிமக் கட்டணம் கேட்பார்கள். கொடுக்க வேண்டிய பாக்கியும், வர வேண்டிய பாக்கியும் அப்படியே நிற்கும். கடையைத் திறக்க எத்தனை வேலை இருந்ததோ, மூடவும் அத்தனை வேலை இருக்கிறது.

முதலில் ஒரு தேதி வேண்டும். நம் நாட்டில் தந்தி சேவை 160 ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. 2013 ஜூலையில் அதை நிறுத்தினார்கள். நிறுத்தும் தேதியை முன்கூட்டியே சொன்னார்கள். கடைசி நாளில் மக்கள் வரிசையில் நின்று தந்தி கொடுத்தார்கள். அண்ணாச்சியும் ஆறு மாதத்துக்கு முன்பே தேதி குறிப்பது நல்லது. சரக்கு விற்க, பாக்கி வசூலிக்க, தாள்களைச் சரி செய்ய அவ்வளவு காலம் பிடிக்கும்.

தேதியை முதலில் யாரிடம் சொல்ல வேண்டும்? கடையில் வேலை செய்பவர்களிடம். வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடுவார். 50 வயதில் வேலை போனவர் எங்கே போவார்?

அண்ணாச்சி கடையில் முன்பு 11 பேர் வேலை செய்தார்கள். இப்போது 7 பேர். லாரியிலிருந்து மூட்டை இறக்குபவர்கள் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள். கேரளத்தில் சுமட்டுத் தொழிலாளருக்குத் தனிச் சட்டமும் தனி வாரியமும் உண்டு. இந்த 7 பேர் கடையின் சொந்த ஆட்கள். இவர்களுக்கு ஒரு மாதம் முன்பே எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். இல்லையென்றால் ஒரு மாதச் சம்பளம் தர வேண்டும்.

அடுத்தது கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை. 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் கடைக்கு இந்தச் சட்டம் பொருந்தும். “இப்போது 7 பேர்தானே” என்று அண்ணாச்சி சொல்ல முடியாது. ஒரு முறை சட்டத்துக்குள் வந்த கடை, பிறகு ஆள் குறைந்தாலும் சட்டத்துக்குள்தான் இருக்கும். 5 ஆண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்குப் பணிக்கொடை உண்டு. ஓர் ஆண்டு வேலைக்கு 15 நாள் சம்பளம்.

இதை எப்படிக் கணக்கிடுவது? எடை போடுபவர் ஒருவர் 20 ஆண்டு வேலை செய்திருக்கிறார். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 13,000 ரூபாய். மாதத்தை 30 நாளாகக் கொள்ளக் கூடாது, 26 நாளாகக் கொள்ள வேண்டும். 13,000-ஐ 26-ஆல் வகுத்தால் 500. அது ஒரு நாள் சம்பளம். 15 நாளுக்கு 7,500. 20 ஆண்டுக்கு 1,50,000 ரூபாய். இந்தப் பணத்தை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். கடையை மூடுவதற்கான இழப்பீடும் சட்டத்தில் தனியாக உண்டு. கொடுக்காவிட்டால் தொழிலாளி லேபர் ஆபீசில் மனு கொடுக்கலாம்.

“அத்தனை பணத்துக்கு எங்கே போவேன்?” என்று அண்ணாச்சி கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 20 ஆண்டு ஓடியாடி உழைத்தவர் அதே கேள்வியை யாரிடம் கேட்பார்? ஆண்டுதோறும் கொஞ்சம் எடுத்து வைத்திருந்தால் இன்று பாரம் தெரிந்திருக்காது. கேரளத்தில் கடைத் தொழிலாளருக்கு ஒரு நல நிதி வாரியமும் இருக்கிறது. ஆட்களை அதில் சேர்த்திருந்தால் அங்கிருந்தும் அவர்களுக்கு உதவி கிடைக்கும்.

மூடுகிற தொழிலைத் தொழிலாளரே எடுத்து நடத்தியதும் உண்டு. 1950-களில் காபி போர்டு தன் காபி ஹவுஸ்களை மூட முடிவு செய்தது. பலருக்கு வேலை போனது. ஏ.கே. கோபாலன் துணை நின்றார். தொழிலாளர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். கேரளத்தில் 1958-இல் திருச்சூரில் முதல் இந்தியன் காபி ஹவுஸைத் திறந்தார்கள். திருவனந்தபுரம் தம்பானூரில் லாரி பேக்கர் கட்டிய வட்டமான செங்கல் கட்டடத்திலும் அந்தக் காபி ஹவுஸ்தான் இருக்கிறது. அண்ணாச்சியின் ஆட்களும் சேர்ந்து கடையை எடுத்து நடத்த விரும்பலாம். கேட்டுப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை.

இனி கடன் நோட்டு. மொத்தக் கடையில் பாதி வியாபாரம் கடனில்தான் நடக்கும். நெய்யாற்றின்கரையில் ஒரு கடை, ஆற்றிங்கலில் ஒரு கடை என்று பாக்கி சிதறிக் கிடக்கும். கடை திறந்திருக்கும்வரை பாக்கி கொஞ்சம் கொஞ்சமாக வரும். அடுத்த சரக்கு வேண்டுமே! கடை மூடும் என்று தெரிந்ததும் பலருக்கு மறதி வந்துவிடும்.

இதற்குக் காலக்கெடு உண்டு. சரக்குக் கொடுத்து 3 ஆண்டுக்குள் பாக்கிக்கு வழக்குப் போட வேண்டும். அதற்குப் பிறகு நீதிமன்றம் ஏற்காது. ஆனால் அந்த 3 ஆண்டு முடிவதற்குள் பாக்கிக்காரர், “நான் இவ்வளவு தர வேண்டும்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக 3 ஆண்டு கிடைக்கும். வாய்ச்சொல்லுக்கு இந்தப் பலம் இல்லை. எனவே அண்ணாச்சி நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏற வேண்டும். பணம் தருபவரிடம் பணம் வாங்கலாம். தராதவரிடம் கையெழுத்தாவது வாங்கலாம். அவர் தர வேண்டிய பாக்கியையும் இதே நேரத்தில் தீர்த்து, ரசீது வாங்கிவிட வேண்டும்.

பிறகு ஜி.எஸ்.டி. 2017 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் வரி இது. வியாபாரத்தை நிறுத்திய 30 நாளுக்குள் பதிவை ரத்து செய்யக் கேட்டு மனு போட வேண்டும். ரத்தான பிறகு 3 மாதத்துக்குள் இறுதிக் கணக்கு ஒன்று கொடுக்க வேண்டும். இந்த இரண்டாவது வேலையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதனால் அபராதம் வருகிறது. மூடும் நாளில் சரக்கு மிச்சமிருந்தால், அதை வாங்கியபோது வரியில் கழித்துக்கொண்ட தொகையைத் திருப்பிக் கட்ட நேரிடும். ஆகவே சரக்கை முதலில் விற்றுத் தீர்ப்பது லாபம்.

மாநகராட்சி உரிமம், உணவுப் பொருள் உரிமம், மின் இணைப்பு, இ.எஸ்.ஐ. எல்லாவற்றையும் இதேபோல் எழுதிக் கொடுத்து முடிக்க வேண்டும். மின் வாரியத்தில் கட்டிய டெபாசிட்டைக் கேட்டு வாங்கலாம். வாடகைக் கடையென்றால் சாவியைக் கொடுக்கும்போது, “சாவி பெற்றுக்கொண்டேன்” என்று கட்டட உரிமையாளரிடம் எழுதி வாங்க வேண்டும். முன்பணமும் அன்றே கைக்கு வர வேண்டும்.

எல்லாம் கொடுத்தது போக மிஞ்சுவதுதான் அண்ணாச்சியின் முதுமைக்கான பணம். அரசு ஊழியர்போல அவருக்கு மாதம் பிறந்தால் பென்ஷன் வராது. வியாபாரிகள் நல வாரியத்தில் உறுப்பினராக இருந்தால் அங்கே விசாரிக்கலாம். சிறு வியாபாரிகளுக்காக 2019-இல் மத்திய அரசு ஒரு ஓய்வூதியத் திட்டம் கொண்டுவந்தது. அதில் சேர வயது 18 முதல் 40 வரைதான். அண்ணாச்சிக்கு அது பயன்படாது. தெருவில் உள்ள இளம் கடைக்காரர்கள் அதைக் கவனிக்கலாம்.

பணத்தை எங்கே போடுவது? கூடுதல் வட்டி என்று சொல்லி யாராவது வீடு தேடி வருவார்கள். 1960-இல் கேரளத்தில் பாலாய் சென்ட்ரல் வங்கி மூழ்கியது. பலருடைய சேமிப்பு மாட்டிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் 1962-இல் வங்கி டெபாசிட்டுக்குக் காப்பீடு வந்தது. இன்று ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை அந்தக் காப்பீடு உண்டு. தனியார் நிதி நிறுவனங்களில் போடும் பணத்துக்கு அது இல்லை. தபால் நிலையத்தில் 60 வயது ஆனவர்களுக்கு மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 30 லட்சம் ரூபாய் வரை போடலாம். 3 மாதத்துக்கு ஒரு முறை வட்டி வரும். தினமும் கல்லாவில் பணம் பார்த்த கைக்கு அது கொஞ்சம் ஆறுதல் தரும்.

இதில் வீட்டம்மாவையும் சேர்த்துப் பேச வேண்டும். 38 ஆண்டாகக் காலை 8 மணிக்குப் போய், இரவு 9 மணிக்கு வந்தவர் அண்ணாச்சி. இனி பகல் முழுவதும் வீட்டில் இருக்கப் போகிறார். அந்த அம்மாவின் நாளும்தான் மாறும். முதல் சில வாரம் அண்ணாச்சி காரணமே இல்லாமல் கடைத்தெருவுக்குப் போய் வருவார். போகட்டும். பக்கத்துக் கடை ஸ்டூலில் உட்கார்ந்து மிளகு விலை கேட்டுவிட்டு வரட்டும்.

கடைசி நாளில் தராசு, எடைக்கல், பெயர்ப் பலகை எல்லாம் போய்விடும். கணக்குப் புத்தகங்களும் பில் கட்டுகளும் மட்டும் வீட்டுக்கு வரும். அவற்றை எடைக்குப் போட்டுவிடக் கூடாது. கடைசி ஆண்டுக் கணக்குக் கொடுக்க வேண்டிய நாளிலிருந்து 72 மாதம், அதாவது 6 ஆண்டு வைத்திருக்க வேண்டும். மழை ஒழுகாத அலமாரி ஒன்றை அண்ணாச்சி இப்போதே காலி செய்து வைக்கலாம்.