ஜப்பான் ஸ்டெம் செல்: அனுமதி வேறு, எண் வேறு

தண்டுவடக் காயத்துக்கான ‘ஸ்டெமிராக்’ என்ற ஸ்டெம் செல் சிகிச்சைக்கு ஜப்பான் அரசு ஏழு ஆண்டுகளுக்கு மட்டும் நிபந்தனை அனுமதி கொடுத்திருந்தது. அந்தக் கெடு 2025 டிசம்பர் இறுதி வரைக்குமானது. இதையொட்டி வந்த வாசகர் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் கேட்டன: டிசம்பருக்குள் போய்ச் சேர்ந்துவிட்டால் சிகிச்சை கிடைக்குமா? சிலர் ஏஜென்ட் அனுப்பிய கொட்டேஷனையும் இணைத்திருக்கிறார்கள். அவற்றைப் புரட்டிப் பார்த்ததும்தான் குழப்பம் எங்கே என்று பிடிபட்டது. செய்தியில் அடிபடுவது ஒரு சிகிச்சை. கொட்டேஷனில் இருப்பது முற்றிலும் வேறொன்று. இரண்டையும் இணைப்பது ‘ஜப்பான்’ என்ற பெயர் மட்டும்தான்.

ஜப்பானில் ஸ்டெம் செல்லுக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. இரண்டும் ஒரே நாளில், 2014 நவம்பர் 25 அன்று, நடைமுறைக்கு வந்தன. ஒன்று, கம்பெனிகள் தயாரித்து விற்கும் செல் மருந்துகளுக்கானது. மற்றொன்று, டாக்டர்கள் தங்கள் கிளினிக்கிலேயே கொடுக்கும் செல் சிகிச்சைக்கானது.

ஸ்டெமிராக் முதல் சட்டத்தின் கீழ் வருகிறது. சப்போரோ மருத்துவப் பல்கலைக்கழகமும் நிப்ரோ நிறுவனமும் உருவாக்கியது. அடிபட்டவரின் எலும்பு மஜ்ஜையிலிருந்து செல்களை எடுத்து, ஆய்வகத்தில் பல கோடியாகப் பெருக்கி, அவருக்கே நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். 2018 டிசம்பரில் அனுமதி கிடைத்தபோது கையில் இருந்த சான்று 13 நோயாளிகள். அவர்களில் 12 பேருக்கு முன்னேற்றம் என்றார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, இந்தச் சிகிச்சை பெறாத இன்னொரு குழு இல்லை. தண்டுவடத்தில் அடிபட்டவர்களில் பலருக்கு முதல் சில மாதங்களில் வீக்கம் வடிந்து, பிசியோதெரபியும் சேர்ந்து, ஓரளவு உணர்ச்சியும் அசைவும் தானாகவே திரும்பும். அந்த 12 பேரைத் தேற்றியது செல்லா, காலமா? 13 பேரை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. ‘நேச்சர்’ இதழ் 2019 ஜனவரியில் இதை வெளிப்படையாகவே கண்டித்தது.

நிபந்தனை அனுமதி என்பதை ஜப்பான் அரசு விளக்கும் விதம் இது: பாதுகாப்பு உறுதியாகிவிட்டது, பயன் இருப்பதாக ஊகிக்கலாம். என் கணக்கில் அதன் பொருள், விற்றுக்கொண்டே சோதித்துப் பார்க்கலாம் என்பதுதான். உலகின் மற்ற இடங்களில் மருந்துச் சோதனைக்குக் கம்பெனி செலவு செய்யும். இங்கே காப்பீடும் நோயாளியும் செலவு செய்கிறார்கள். ஒருவருக்கு ஆகும் விலை ஏறத்தாழ ஒன்றரைக் கோடி யென், நம் பணத்தில் 85 முதல் 90 லட்சம் ரூபாய். கெடு முடிவதற்குள் கம்பெனி பயனை நிரூபிக்க வேண்டும், இல்லையென்றால் அனுமதி போய்விடும். இது வெறும் மிரட்டல் அல்ல. டெருமோ நிறுவனத்தின் ‘ஹார்ட்ஷீட்’ என்ற இதயச் சிகிச்சைக்கு 7 நோயாளிகளின் தரவை வைத்து 2015-இல் இதே அனுமதி கிடைத்தது. ஐந்தாண்டுக் கெடு எட்டாண்டாக நீண்டது. 2024 ஜூலையில் நிபுணர் குழு, பயன் நிரூபணமாகவில்லை என்று கைவிரித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அதைப் பெற்றுக்கொண்டவர்களுக்கு என்ன பதில் என்று யாரும் சொல்லவில்லை.

சரி, டிசம்பருக்குள் போயிருந்தால் ஸ்டெமிராக் கிடைத்திருக்குமா? கிடைத்திருக்காது. அடிபட்ட 31 நாட்களுக்குள் எலும்பு மஜ்ஜை எடுத்தாக வேண்டும் என்பது விதி. எட்டு மாதத்துக்கு முன் பைக்கிலிருந்து விழுந்த பையனுக்கு இதில் இடமே இல்லை. நேற்று விழுந்தவருக்கும் ஆபரேஷன், பாஸ்போர்ட், விசா, விமானத்தில் படுத்தபடி பயணம் என்று பார்த்தால் 31 நாள் போதாது. ஆக, டிசம்பர் கெடு நிப்ரோவுக்குத்தான். அதைச் சொல்லி உங்களை அவசரப்படுத்திய ஏஜென்டுக்கு வேறு கணக்கு இருக்கிறது.

அந்தக் கணக்கு இரண்டாவது சட்டத்தில் இருக்கிறது. வாசகர்கள் அனுப்பிய கொட்டேஷன்களில் பி.பி. என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் எண் ஒன்றைத் தடித்த எழுத்தில் போட்டு, பக்கத்திலேயே ‘ஜப்பான் சுகாதார அமைச்சகத்தின் அங்கீகாரம் பெற்றது’ என்று எழுதியிருக்கிறார்கள். எண் பெரும்பாலும் உண்மையானதுதான். அமைச்சகத்தின் இணையதளத்தில் தேடினால் கிடைக்கும். கெட்டிக்காரத்தனமே இங்கேதான்.

சட்டம் செல் சிகிச்சைகளை அபாயத்தின் அளவைப் பொறுத்து மூன்று வகையாகப் பிரிக்கிறது. சாதாரணச் செல்லை ஆய்வகத்தில் மாற்றி உருவாக்கும் ஐ.பி.எஸ். செல், கருவிலிருந்து எடுக்கும் செல், பிறருடைய செல் போன்றவை முதல் வகை. இவற்றை அமைச்சகமே 90 நாள் ஆராயும். நோயாளியின் கொழுப்பிலிருந்தோ மஜ்ஜையிலிருந்தோ எடுத்து வளர்த்து ஏற்றுவது இரண்டாம் வகை. பி.பி. எண் இதற்குத்தான். இந்த வகையில் கிளினிக் ஒரு திட்டத்தை எழுதி, சான்று பெற்ற குழு ஒன்றிடம் கொடுக்கிறது. குழு பார்த்துச் சரி என்றதும் காகிதங்கள் அமைச்சகத்தின் வட்டார அலுவலகத்துக்குப் போகின்றன. எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்து எண் கொடுத்துவிடுகிறார்கள். சிகிச்சை பலிக்குமா என்று அரசு கேட்கும் கட்டம் இதில் எங்கேயும் இல்லை. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் காருக்குக் கொடுக்கும் பதிவெண், அந்தக் கார் மலை ஏறும் என்பதற்கு உத்தரவாதம் ஆகுமா?

அந்தக் குழு எப்படிப்பட்டது? பல்கலைக்கழகம் வைத்திருக்கும் குழுவும் உண்டு, தனியார் அமைப்பு நடத்தும் குழுவும் உண்டு. எந்தக் குழுவிடம் போவது என்று தேர்ந்தெடுப்பது கிளினிக். பரிசீலனைக் கட்டணம் கட்டுவதும் கிளினிக். ஒரு குழு கறாராகக் கேள்வி கேட்டால் இன்னொன்றைத் தேடிப் போகலாம். குழு உறுப்பினர்களுக்கும் கிளினிக்குகளுக்கும் இடையே உள்ள உறவுகளை ஜப்பானிய ஆய்வாளர்களே சுட்டிக்காட்டி எழுதியிருக்கிறார்கள். 2024-இல் சட்டத்தைத் திருத்தியபோது, இந்தக் குழுக்களுக்குள் அதிகாரிகள் நேரில் போய்ச் சோதனையிட வழிசெய்தார்கள். 2025 மே இறுதியில்தான் அது நடைமுறைக்கு வந்தது. பத்து வருடம் அந்த அதிகாரம் இல்லாமலேயே இது நடந்திருக்கிறது.

முதல் சட்டத்தில் பயனைப் பின்னாலாவது நிரூபிக்க வேண்டும். இரண்டாவதில் எப்போதும் நிரூபிக்க வேண்டியதில்லை. கெடுவும் கிடையாது. ஆண்டுக்கு ஒருமுறை அறிக்கை கொடுத்தால் போதும். காப்பீடு தொடாத சிகிச்சை என்பதால் விலையைக் கிளினிக்கே நிர்ணயித்துக்கொள்ளும். வெளிநாட்டுக்காரர்களுக்கு அகலத் திறந்திருப்பது இந்த வழிதான்.

இந்தச் சட்டம் பிறந்ததே வெளிநாட்டு நோயாளிகளால் என்பது இன்னொரு வேடிக்கை. தென் கொரியாவில், வளர்த்த ஸ்டெம் செல்லை மருந்தாக அனுமதி பெறாமல் ஏற்றக் கூடாது என்று அப்போது விதி இருந்தது. ஆர்.என்.எல். பயோ என்ற கொரிய நிறுவனம் நோயாளிகளின் கொழுப்பை அங்கேயே எடுத்து வளர்த்து, ஏற்றிக்கொள்ள ஜப்பானுக்கு அனுப்பியது. ஜப்பானில் அப்போது அதைத் தடுக்கும் சட்டம் இல்லை. 2010-இல் கியோட்டோவில் அப்படி ஏற்றிக்கொண்ட 73 வயதுக் கொரியர் நுரையீரல் ரத்தக்குழாய் அடைத்து இறந்தார். ஃபுகுவோகாவில் ஒரு கிளினிக் மாதம் 500 கொரியர்களுக்கு ஏற்றுவதாக 2012 டிசம்பரில் மைனிச்சி நாளிதழ் எழுதியது. சட்டம் வந்தது. மூடுவதா, பதிவு செய்வதா என்ற இடத்தில் ஜப்பான் பதிவைத் தேர்ந்தெடுத்தது. முன்பு சட்டமில்லாமல் நடந்த வியாபாரத்துக்கு இப்போது எண் கிடைத்தது. எங்கள் நோயாளிகள் ஜப்பானுக்குப் போகிறார்களே என்று கொரியாவும் 2025 பிப்ரவரியில் தன் விதியைத் தளர்த்திவிட்டது.

2025 ஆகஸ்டில் டோக்கியோ கிளினிக் ஒன்றில், நாள்பட்ட வலிக்காகத் தன் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களை ஏற்றிக்கொண்ட பெண் சிகிச்சையின்போதே நிலை மோசமாகி இறந்தார். அமைச்சகம் அவசர உத்தரவு போட்டு அந்தச் சிகிச்சையை நிறுத்தியது. உத்தரவு வரும்வரை அதுவும் முறையாகப் பதிவான சிகிச்சைதான்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

*என் செல்லை எனக்கே ஏற்றினால் என்ன ஆபத்து?* கியோட்டோவில் இறந்தவருக்கு ஏற்றியதும் அவருடைய செல்தான்.

*ஐ.பி.எஸ். செல் சிகிச்சை வந்துவிட்டதாமே?* இதய நோய்க்கும் பார்க்கின்சனுக்கும் 2025-இல் அனுமதி கேட்டு விண்ணப்பித்தார்கள். அனுமதி இல்லாமல் யாராவது அதற்கு விலை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

*தலசீமியா குழந்தைக்கு வெளிநாடு போகலாமா?* அதற்கான மஜ்ஜை மாற்று நிரூபணமான சிகிச்சை, வேலூர் சி.எம்.சி.யில் 1986-லிருந்து நடக்கிறது.

*ஆட்டிசத்துக்கு?* தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-இலேயே கூடாது என்று சொல்லிவிட்டது. கடல் தாண்டினால் அந்தச் செல்லுக்குப் புதுச் சக்தி வந்துவிடாது.

*இது ஆராய்ச்சி என்று சொல்லிப் பணம் கேட்கிறார்கள், சரியா?* ஒழுங்கான ஆராய்ச்சியில் சோதிக்கப்படும் மருந்துக்கு நோயாளியிடம் பணம் வாங்க மாட்டார்கள்.

*அட்வான்ஸ் கட்டிவிட்டோம், திரும்பக் கிடைக்குமா?* ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் எந்த நாட்டு நீதிமன்றம் என்று போட்டிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.