எண்ணெய்க் கழிவும் மீன் செதிலும்

நீரின்மேல் எண்ணெய் மிதக்கும் என்பதைச் சிறுபிள்ளைகளும் அறிவர். மிதக்கும் எண்ணெயை வழித்தெடுப்பது அரிய செயலன்று. கப்பலின் அடித்தளத்தில் தேங்கும் நீரையும், இயந்திரசாலைகளிலிருந்து வெளியேறும் கழிவு நீரையும் தூய்மை செய்வோருக்குத் தொல்லை தருவது மிதக்காத எண்ணெயே. இயந்திரங்களின் கலக்கத்தாலும் சவர்க்காரம் முதலியவற்றின் சேர்க்கையாலும் எண்ணெய் நுண்துளிகளாகச் சிதறி, நீருடன் பால்போலக் கலந்து நிற்கிறது. இதனைப் பால்மம் என்பர். இதிலுள்ள துளிகள் ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதில் ஒரு பங்கினும் சிறியன. நாட்கணக்கில் தேக்கி வைத்தாலும் இலகுவில் மேலெழுவதில்லை. கப்பல்கள் கடலில் விடும் அடித்தள நீரிலோ, பத்து இலட்சம் பங்கில் 15 பங்குக்கு மேல் எண்ணெய் இருத்தலாகாது என்பது சர்வதேச விதி.

வடிகட்டிவிட்டால் என்ன? சாதாரண வடி, பொருளின் பருமனை மட்டுமே பார்த்து நிறுத்துவது. எண்ணெய்த் துளியோ நெகிழ்ந்து கொடுக்கும். துளையினுட் புகுந்து ஒட்டிக்கொண்டு வடியையே அடைத்துவிடும். ஆதலால், நீரையும் எண்ணெயையும் இனங்கண்டு ஒன்றை ஏற்று மற்றதை விலக்கும் மேற்பரப்பு வேண்டும்.

முதலில் கைகொடுத்தது தாமரையிலை. அதில் நீர் ஒட்டாமை தமிழர் உவமைகளில் ஊறிப்போன செய்தி. அதன் காரணத்தை 1997ஆம் ஆண்டில் ஜேர்மனியத் தாவரவியலாளர்களான பார்த்லொட், நைன்ஹுயிஸ் ஆகிய இருவரும் விரிவாக எடுத்துக்காட்டினர். இலையின்மேல் நுண்ணிய முகடுகளும் அவற்றின்மேல் மெழுகுத் துகள்களும் உள்ளன. இடையிலே காற்றுத் தங்குவதால் நீர்த்துளி முகட்டு நுனிகளில் மட்டும் நின்று உருண்டோடுகிறது. இதனைப் பின்பற்றி 2004இல் சீன அறிவியலாளர் ஜியாங் லெயின் குழுவினர் உருக்குக் கம்பி வலையொன்றிற்கு டெப்லோன் பூசினர். டீசல் அதனூடே வழிந்தது; நீர் மேலேயே நின்றது.

அழகிய செயலே, ஆயினும் கழிவு நீருக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை. நீர் எண்ணெயினும் பாரமானது. ஆகையால் வலையின்மேல் முதலிற் படிந்து எண்ணெயின் வழியை மறிப்பது அதுவே. எண்ணெயை விரும்பும் வலை எண்ணெயாலேயே அழுக்கேறுவதும் உண்டு. டெப்லோன் இனத்துப் புளோரின் சேர்வைகள் பல, சூழலிற் சிதையாது நெடுங்காலம் தங்குவன என்பதையும் மறத்தலாகாது.

அடுத்த வழியைக் காட்டியது மீன். எண்ணெய் கலந்த நீரில் நீந்தும் மீனின் செதிலில் எண்ணெய் இலகுவிற் பற்றுவதில்லை. இதனையும் ஜியாங் லெயின் குழுவினரே ஆராய்ந்து 2009இல் வெளியிட்டனர். செதிலின் சொரசொரப்பான பரப்பும் அதன்மேலுள்ள வழுவழுப்பான படலமும் நீரை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. எண்ணெய்த்துளி செதிலைத் தொடுமுன் அந்நீர்ப் படையைத் தொடுகிறது. அதைத் தள்ளி உட்புக இயலாது உருண்டு விலகுகிறது. தாமரையிலையிற் காற்றுச் செய்யும் வேலையை இங்கே நீர் செய்கிறது.

2011இல் இம்முறையில் உருக்கு வலைக்கு நீர் ஊறிய கூழ்ப்பொருள் ஒன்று பூசப்பட்டது. முன்னதாக நனைத்த அவ்வலையில் நீர் தன் பாரத்தாலேயே கீழே இறங்கியது. பெற்றோல், டீசல், தாவர எண்ணெய், மசகெண்ணெய் யாவும் மேலே தங்கின. நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் பிரிந்தது. வலையை முதலில் நனைத்தல் இன்றியமையாதது. உலர்ந்த வலையை எண்ணெய் முந்திக்கொண்டால் நீர்ப்படை அமைவதற்கு இடமில்லை.

எனினும் இவ்வலையின் கண்கள் பால்மத் துளிகளினும் பெரியன. பால்மத்தைப் பிரிக்க, ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் சிறிய துளைகளையுடைய மென்சவ்வுகள் வேண்டும். அவற்றை ஆக்கும் பிளாஸ்திக்குகளுட் பல நீரை வெறுப்பன. இங்கே துணைநின்றது, அலை மோதும் பாறைகளைப் பற்றி வாழும் மட்டி. அதன் பசையின் இரசாயனத்தைப் பின்பற்றி 2007இல் அமெரிக்காவின் நோத்வெஸ்டேர்ன் பல்கலைக்கழகத்தார் டோபமீன் என்னும் பொருளைச் சிறிது காரமான நீரிற் கரைத்து, அதனுள் இட்ட பலவகைப் பொருள்களிலும் மெல்லிய படலம் படிவதைக் கண்டனர். நீரை வெறுக்கும் சவ்வும் இப்படலத்தால் நீரை விரும்புவதாகிறது.

ஆய்வுகூடத்தில் ஒரு குவளை டீசலையும் நீரையும் பிரிப்பது வேறு. சேறும் உப்பும் சவர்க்காரமும் கலந்த கழிவு நீரை மாதக்கணக்கில் வடிப்பது வேறு. சவர்க்காரம் எண்ணெய்க்கும் நீருக்கும் இடையிலுள்ள பரப்பிழுவிசையைக் குறைப்பதால், சிறிது அமுக்கம் கூடினும் எண்ணெய் துளைக்குள் நுழைந்துவிடும். மீன் தன் வழுவழுப்புப் படலத்தை ஓயாது புதிதாகச் சுரந்துகொள்கிறது. சவ்விற் பூசிய படலம் தேய்ந்தால் மீண்டும் வளர்வதில்லை. ஆகவே இடையிடையே நீரை எதிர்த்திசையிற் செலுத்திச் சவ்வைக் கழுவ வேண்டியிருக்கிறது.