உடுப்பதும் விளைச்சல்தான்

காய்கறி வாங்க வருகிறவர் நம்மிடம் என்னென்ன கேட்கிறார்? "எந்த ஊருங்க? நாட்டு விதையா? என்ன மருந்து அடிச்சீங்க?" கேட்கட்டும் என்றுதான் நாமும் சொல்கிறோம். விலை கொஞ்சம் கூடினாலும் விளைவித்தவரைப் பார்த்து வாங்குங்க என்கிறோம். இதே கேள்விகளை ஜவுளிக்கடையில் நாம் கேட்க வேண்டாமா? பருத்தியும் பயிர்தானே! நம்ம வேட்டியும் சேலையும் யாரோ ஒரு சம்சாரியின் காட்டில் விளைந்தவைதான்.

அந்தக் காட்டின் நிலைமையைப் பாருங்க. 2002-ல் பி.டி. பருத்திக்கு அனுமதி கொடுத்தார்கள். இன்று நாட்டின் பருத்திப் பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அதுதான். வீரிய ஒட்டு ரகம் என்பதால் ஒவ்வொரு போகத்துக்கும் விதையைக் கடையில்தான் வாங்கணும். எந்தப் புழுவை அடக்கும் என்றார்களோ, அந்த இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதற்குப் பழகிவிட்டது.

நம்ம கரிசல் பூமியின் கருங்கண்ணி அப்படி இல்லை. மானாவாரியில் வரும், வறட்சி தாங்கும், சாறு உறிஞ்சும் பூச்சிக்கு எளிதில் அசராது. விதையை நாமே எடுத்து வைக்கலாம். ஆனால் மகசூல் குறைவு, இழையும் கட்டை. பெரிய மில்லுக்குத் தோதுப்படாது. கைராட்டைக்கும் கைத்தறிக்கும் தோதுப்படும். ஆக, கருங்கண்ணி நிலைக்கணும்னா அந்தத் துணியைக் கட்டிக்கொள்ள ஆள் வேணும்.

சாயத்துக்கும் ஒரு விலை உண்டு. பாசனத்துக்காக 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவுதான் தேங்கியது. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். கழிவை முழுதாகச் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. மலிவாகக் கிடைத்த துணியின் மிச்சக் காசை அந்த விவசாயிகள் தங்கள் நிலத்தால் கட்டினார்கள். ஒரு பொருளை வாங்குகிறவருக்கு, அது உருவான விதத்திலும் பொறுப்பு உண்டு என்று ஜே.சி. குமரப்பா சொல்லி வந்தது இதைத்தான்.

சரி, என்ன செய்யலாம்? நான் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன்.

எண்ணிப் பார்க்கணும். தீபாவளிக்குக் கடைக்குப் போகும் முன் பீரோவில் இருப்பதை எல்லாம் எடுத்துக் கட்டிலில் போடுவேன். காட்டு வேலைக்கு, வெளியூருக்கு, விசேஷத்துக்கு என்று மூணாகப் பிரிப்பேன். எது குறைகிறதோ அது மட்டும்தான் சீட்டில் ஏறும். தள்ளுபடி என்பதற்காக எதுவும் ஏறாது.

நூலைப் பார்க்கணும். "சுத்த காட்டன்" என்று எல்லாரும்தான் சொல்வார்கள். ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்க. பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாடை வரும், சாம்பல் தொட்டால் பொடியும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாகிவிடும். அது பெட்ரோலியத்திலிருந்து வந்த பிளாஸ்டிக். துவைக்கத் துவைக்க நுண்ணிழைகள் உதிர்ந்து தண்ணீரில் கலக்கும். நூல் நம்பரையும் கேளுங்க. நம்பர் கூடக் கூட நூல் மெலிசு. காட்டு வேலைக்கு 100-ம் நம்பர் வேட்டி தாங்காது. 40-ம் நம்பர் உழைக்கும்.

தையலைப் பார்க்கணும். சட்டையை உள்பக்கம் திருப்புங்க. ஓரத்தில் துணி விட்டுத் தைத்திருந்தால் உடம்பு பெருத்தாலும் பிரித்துக்கொள்ளலாம். முடிந்தால் துணி எடுத்து உள்ளூர் டெய்லரிடமே கொடுங்க. அளவும் சரியாக இருக்கும், காசும் ஊருக்குள் சுற்றும்.

கணக்குப் போடணும். 300 ரூபாய்ச் சட்டை 30 தடவை போட்டதும் வெளுத்துக் கிழிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு தடவைக்கு 10 ரூபாய். 900 ரூபாய்க் கைத்தறிச் சட்டை 150 தடவை வந்தால் ஒரு தடவைக்கு 6 ரூபாய். எது மலிவு?

பார்த்துக்கொள்ளணும். சாயத்துணியைத் திருப்பிப் போட்டு நிழலில் காயப்போட்டால் நிறம் நிற்கும். பூந்திக்கொட்டை நுரை துணிக்கும் நல்லது, அந்தத் தண்ணீர் வாழைக்கும் போகலாம். வேட்டிக்கு வடிகஞ்சியே போதும். கிழிசலை விரல் நுழையும் முன்பே தைத்துவிட்டால் வேலை பத்து நிமிஷம்தான்.

பருத்தித் துணிக்கு இன்னொரு ஆயுளும் இருக்கிறது. பழைய வேட்டி ஜீவாமிர்தம் வடிகட்ட ஆகும், விதை முடிய ஆகும். நைந்துபோன பிறகு மண்ணைச் சோதிக்கவும் ஆகும். வெளுத்த பருத்தித் துண்டு ஒன்றை அரை அடி ஆழத்தில், ஈரப்பதமுள்ள மண்ணில் புதைத்து, இரண்டு மாதம் கழித்துத் தோண்டிப் பாருங்க. கந்தலாகியிருந்தால் மண்ணில் நுண்ணுயிர்கள் நன்றாக வேலை செய்கின்றன. அப்படியே முழுசாக வந்தால் மண்ணுக்கு இன்னும் தொழுவுரமும் மூடாக்கும் தேவை. சட்டையைப் புதைத்தால் சில சமயம் தையல் நூல் மட்டும் கூடாக மிஞ்சும், அது பாலியெஸ்டர். வெளிநாடுகளில் விவசாயிகள் உள்ளாடையைப் புதைத்து இதே சோதனையைச் செய்கிறார்கள்.

கடைசியாக ஒரு யோசனை. நம்ம இயற்கை வேளாண் சந்தைகளில் அரிசி, காய்கறி, எண்ணெய்க்குப் பக்கத்திலேயே நெசவாளர் ஒருவருக்கும் இடம் கொடுப்போம். மானாவாரி நிலம் உள்ளவர்கள் ஒரு மூலையில் கருங்கண்ணி போட்டுப் பாருங்க, கூடவே உளுந்தும் போடலாம். அவுரியைத் தழையுரத்துக்கு மட்டுமின்றி நீலச் சாயத்துக்கும் வளர்க்கலாம். நூற்பவர், நெய்பவர், சாயம் போடுபவர் எல்லாரும் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் பகுதியில் யார் இருக்கிறார்கள் என்று அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது விசாரித்து வாங்க. இந்தத் தீபாவளிக்கு ஒரு துணியாவது அவர்களிடம் எடுப்போம்.