குற்றவியலும் கணிப்பொறியும்

கணக்கில் துண்டு விழுந்தால், கையாடல் நடந்ததோ என்று ஐயுறுவது உலக இயல்பு. அது கள்வனின் செயலாகவும் இருக்கலாம். கணக்கில் நேர்ந்த பிழையாகவும் இருக்கலாம். ஏட்டில் எழுதிய கணக்காயின், புரட்டிப் பார்த்து உண்மையை உணரலாம். கணிப்பொறியே கணக்கு எழுதும் இக்காலத்தில், பொறியின் இயல்பையும் மக்களின் இயல்பையும் ஒருங்கே அறிந்தால்தான் உண்மை புலப்படும். இதனை இரண்டு நிகழ்ச்சிகள் நன்கு விளக்கும்.

1986ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டின் லாரன்ஸ் பெர்க்கிலி ஆய்வுக்கூடத்தில், கணிப்பொறியைப் பயன்படுத்தியதற்கான கட்டணக் கணக்கில் 75 சென்ட் குறைந்தது. அதனை ஆராயும் பணி கிளிஃபர்டு ஸ்டோல் என்னும் வானியல் அறிஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. சிறு தொகைதானே என்று அவர் வாளா இருக்கவில்லை. அயலான் ஒருவன் தொலைபேசி இணைப்பின் வழியே கணிப்பொறியினுள் புகுந்து, படைத்துறைச் செய்திகளைத் தேடுகிறான் என்பதைக் கண்டார். அவன் தட்டச்சுச் செய்தவற்றைத் தாளில் பதியச் செய்தார்; நாளையும் நேரத்தையும் குறித்துவைத்தார். அவன் விருப்பம் இன்னதென உணர்ந்து, பொய்யான படைத்துறைக் கோப்புகளை இரையாக வைத்தார். அவற்றில் அவன் ஆழ்ந்திருந்த வேளையில், தொலைபேசித் துறையினர் அவன் இருப்பிடத்தை அறிந்தனர். அவன் மேற்கு ஜெர்மனியின் ஹானோவர் நகரில் இருந்தவன். சோவியத் உளவுத் துறைக்குச் செய்தி விற்ற கூட்டத்தைச் சேர்ந்தவன். 1990ஆம் ஆண்டில் ஜெர்மானிய நீதிமன்றம் அவனைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது. பொறியின் வழியோடு குற்றவாளியின் மனத்தையும் அறிந்தமையே ஸ்டோலின் வெற்றிக்குக் காரணம்.

பிரிட்டனில் நிகழ்ந்ததோ இதற்கு நேர்மாறானது. அங்குக் கிளை அஞ்சலகங்களில் ஹொரைசன் என்னும் கணக்கு மென்பொருள் 1999ஆம் ஆண்டு முதல் புகுத்தப்பட்டது. பல அஞ்சலகங்களில் கணக்கு குறைந்தது. அவற்றை நடத்தியவர்கள் பணத்தைக் கவர்ந்தனர் என்று குற்றம் சாட்டப்பட்டது. கணிப்பொறி பிழை செய்யாது என்று பலரும் நம்பினர். 2015ஆம் ஆண்டுவரை 900க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர்; பலர் வீட்டையும் நற்பெயரையும் இழந்தனர். மென்பொருளில் பிழைகள் இருந்தன என்பதை 2019ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. 2024ஆம் ஆண்டில் அவ்வழக்குகளின் தண்டனைகளைப் பெருமளவில் நீக்கத் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. ஆயினும் கழிந்த ஆண்டுகளை எச்சட்டம் மீட்டுத் தரும்?

இத்தகைய தீமை நேராவண்ணம் காக்கும் கல்வியே குற்றவியலையும் தகவல் தொழில்நுட்பத்தையும் ஒருங்கே கற்பதாகும். இவ்விரண்டையும் இணைத்துப் பயிற்றும் பல்கலைக்கழகங்கள் இன்று உள்ளன. குற்றம் ஏன் நிகழ்கிறது, அதனால் துன்புற்றோர் நிலை யாது, தண்டனை மனிதனைத் திருத்துமா என்பனவற்றைக் குற்றவியல் ஆராய்கிறது. செய்தி பொறியினுள் எவ்வாறு பதிகிறது, எவ்வழியே செல்கிறது, எவ்வாறு மாற்றப்படக்கூடும் என்பவற்றைத் தகவல் தொழில்நுட்பம் விளக்குகிறது.

இரண்டும் சந்திக்கும் இடம் சான்று. கணிப்பொறியில் ஒரு கோப்பைத் திறந்த அளவிலேயே, அதனைப் பற்றிய நாள், நேரக் குறிப்புகள் மாறிவிடக்கூடும். எனவே வல்லுநர்கள் மூலத்தைத் தொடாது, அதன் படியையே ஆராய்வர். படியும் மூலமும் ஒன்றே என்பதை மெய்ப்பிக்க, 'ஹாஷ்' என்னும் எண்ணைக் கணக்கிடுவர். அது கோப்பின் கைரேகை போன்றது. பெரியதொரு நூலில் ஓர் எழுத்து மாறினும் அவ்வெண் முற்றிலும் மாறிவிடும். இந்தியாவில் 2024ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டம், மின்னணுச் சான்றோடு தரும் சான்றிதழில் இவ்வெண்ணையும் குறிக்கச் செய்துள்ளது. ஆகவே சட்டம் கற்றவர் பொறியையும், பொறி கற்றவர் சட்டத்தையும் அறிவது இன்றியமையாததாயிற்று.

குற்றவாளியைக் கண்டுபிடிப்பது இக்கல்வியின் ஒரு பயன். குற்றமற்றவரைக் காப்பது அதனினும் பெரும்பயன். 75 சென்ட் குறைவில் கள்வனைக் காணவும், பெருந்தொகைக் குறைவில் பொறியின் பிழையைக் காணவும் வல்ல அறிவே நீதிக்குத் துணையாகும்.